மன்றோ துரை கண்ட தோரணம்

மந்த்ராலயம் சென்று ஸ்ரீ ராகவேந்திர ஸ்வாமிகளின் மூல பிருந்தாவனத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது என் துணைவியாரின் நெடுநாளைய பிரார்த்தனை. வங்கிப் பணியில் இருந்த காலத்தில் விடுப்புக் கிடைத்தபோது கையில் பணம் இல்லை. பணம் சேர்ந்தபோது விடுப்புக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டும் இருந்தன. ஆனால் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. ஒருவாறாக, ஆராதனைக் கூட்டம் கலைந்த ஒரு வாரத்தில், சென்னையிலிருந்து மும்பை மார்க்கமாகச் செல்லும் ரயிலில் இருவரும் புறப்பட்டோம்.

புறப்படும்போதே ஒரு நிபந்தனையும் விதித்தேன். மந்த்ராலயம் தரிசித்த கையோடு திரும்பிவிடாமல், அங்கிருந்து பட்டிகொண்டா, கூத்தி, கடப்பை வழியாகக் கண்டி க்ஷேத்திரம் வரை சென்று, பின்னர் திருப்பதி வழியாக வீடு திரும்ப வேண்டும் என்பது அது. “கண்டியா? அது இலங்கையில் அல்லவா இருக்கிறது?” என்று கேட்டார் துணைவியார். மலைப் பிளவுக்குத் தெலுங்கில் ‘கண்டி’ என்று பெயர். ஆஞ்சநேயர் கோயில் கொண்டிருக்கும் தலம் என்றேன். ஆஞ்சநேயர் என்றதும் மறுப்பு எழவில்லை. இந்த ஊர்களையெல்லாம் ஒரே கோட்டில் இணைப்பவர் தாமஸ் மன்றோ என்னும் ஆங்கிலேய அதிகாரி என்பதை ரயில் ஏறிய பிறகுதான் சொன்னேன்.

மன்றோவின் மீது எனக்கு ஏற்பட்ட ஈடுபாடு பக்தியால் வந்ததன்று, உத்தியோகத்தால் வந்தது. 1980-களில் தருமபுரி மாவட்டத்துக் கிராமக் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தேன். விவசாயக் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். வேட்டி மடிப்பிலிருந்தோ, எண்ணெய்ப் பிசுக்கேறிய துணிப்பையிலிருந்தோ அந்தக் காகிதத்தை எடுத்து அவர்கள் மேசை மீது வைக்கும்போது, குலதெய்வத்தின் படத்தை வைப்பது போல இரு கைகளாலும் வைப்பார்கள். கர்ணமாக இருந்து பதவி போன முதியவர் ஒருவர் ஒரு நாள் சொன்னார்: “இதெல்லாம் மன்றோ துரை காலத்து ஏற்பாடு, சார். ரீடு துரையும் மன்றோ துரையும் இந்தப் பக்கமெல்லாம் கூடாரம் போட்டு, வயல் வயலாக அளந்தார்கள்.” அன்று முதல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தையார் அமெரிக்காவுடன் வணிகம் செய்தவர்; அமெரிக்க விடுதலைப் போரால் அந்த வணிகம் நொடித்துப்போயிற்று. குடும்பம் கடனில் மூழ்கிய நிலையில், 1780-இல், பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கினார். ஹைதர் அலியுடன் நடந்த போரில் பங்கு கொண்டார். சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். இளமையிலேயே நோயினால் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இந்த ஒரு செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரந்தான் அது. அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட அலெக்ஸாண்டர் ரீடு என்பவரின் உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ வந்தார், ஏழாண்டுகள் இருந்தார். ஜமீன்தார், குத்தகைதாரர் என்ற இடைத்தரகர் எவரும் இன்றி, உழுகிறவன் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து, அவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை விட்டு 1799-இல் பிரிய நேர்ந்தபோது மனம் வருந்தி ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த மண்ணில் நானும் ஒரு முருங்கையும் இரண்டு கறிவேப்பிலைச் செடியும் வைத்துவிட்டு மாற்றலாகி வந்தவன். ஆகையால் அது எனக்குப் புரிகிறது.

கன்னட நாட்டுக் கரையோரத்தில் சில காலம் கலெக்டராக இருந்தபின், 1800-இல் அவர் வாழ்வின் பெரும்பணி வந்து சேர்ந்தது. நிஜாம் கம்பெனிக்கு ஒப்படைத்த பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகளுக்கு முதன்மைக் கலெக்டர் ஆனார். தத்த மண்டலம் என்று தெலுங்கில் வழங்கிய இப்பகுதிக்கு ராயலசீமை என்ற பெயர் 1928-இல்தான் வந்தது. மழை குறைவு, கல்லும் முள்ளும் மிகுதி. ஏறக்குறைய 80 பாளையக்காரர்கள் ஆளுக்கொரு மண்கோட்டையில் ஆயுதக் கூட்டத்துடன் அமர்ந்திருந்தனர். மன்றோவுக்கு உதவியாக நான்கு இளநிலைக் கலெக்டர்கள். ஏழாண்டுகளின் பெரும்பகுதியை அவர் கூடாரத்திலேயே கழித்தார். காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை குடியானவர்கள் கூட்டம் கூடாரத்தைச் சூழ்ந்திருந்தது என்பதை அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம்.

அக்காலத்தில்தான் மந்த்ராலய நிகழ்ச்சி நடந்ததாக மரபு கூறுகிறது.

மந்த்ராலயம் ரோடு நிலையத்தில் இறங்கி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஆட்டோவில் பயணம் செய்து மடத்தை அடைந்தோம். துங்கபத்திரையில் நீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் முழங்கால் வரை இறங்கித் தலையில் நீர் தெளித்துக்கொண்டோம். வழக்கப்படி முதலில் கிராம தேவதையான மஞ்சாலம்மனை வணங்கினோம். பூர்வத்தில் இவ்வூரின் பெயர் மஞ்சாலி. அதோனியை ஆண்ட நவாப் சித்தி மசூத்கான் ஸ்வாமிகளுக்கு அளித்த கிராமம் இது. வளமான ஊர்கள் பலவற்றைக் கொடுக்க நவாப் முன்வந்தும், பிரகலாதன் யாகம் செய்த பூமி என்பதற்காக இந்த வறண்ட ஊரையே ஸ்வாமிகள் கேட்டு வாங்கினார். 1671-இல் இங்கே ஜீவனோடு பிருந்தாவனப் பிரவேசம் செய்தார்.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், கம்பெனி ஆட்சியில், இனாம் நிலங்களின் உரிமை பற்றிய விசாரணை வந்தது. மஞ்சாலி கிராமத்து இனாமைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி விசாரிக்க மன்றோ நேரில் வந்தார். தொப்பியையும் பாதரட்சைகளையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்றார். பிருந்தாவனத்தை நோக்கி யாரிடமோ பேசுவதுபோல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். உடன் வந்தவர்கள் கண்ணுக்கு எவரும் புலப்படவில்லை. மறுமொழியும் காதில் விழவில்லை. பேச்சு முடிந்து மன்றோ வெளியே வந்தார். காவியுடை அணிந்த துறவி ஒருவர் தம் ஐயங்களையெல்லாம் தீர்த்துவிட்டதாகச் சொல்லி, கிராமம் மடத்துக்கே உரியது என்று உத்தரவிட்டு, மந்த்ராட்சதையைப் பெற்றுக்கொண்டு சென்றார். இச்செய்தி சென்னை அரசிதழில் பதிவாகியிருப்பதாக மடத்து வெளியீடுகள் குறிப்பிடுகின்றன.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆவணங்களோடு வாழ்ந்தவன். மன்றோவின் கடிதங்களைத் தொகுத்து 1830-இல் கிளெய்க் என்பவர் வெளியிட்ட வரலாற்றில் நான் படித்த பக்கங்களில் இந்நிகழ்ச்சியைக் காணவில்லை. இதைத் துணைவியாரிடம் பிருந்தாவனத்துக்கு வெளியே, பிரதட்சிணம் முடித்து அமர்ந்திருக்கும்போது சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“அவருக்குக் காது மந்தம் என்று ரயிலில் சொன்னீர்களே?”

“ஆமாம்.”

“பக்கத்தில் நின்ற காதுள்ளவர்களுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கிறது. இதைப் போய் ஊருக்கு எப்படி எழுதுவது? எழுதினால் அங்கே யார் நம்புவார்கள்?”

என்னிடம் இதற்கு விடை இல்லை. ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அதுதான் என்னை இந்த வழியெல்லாம் அழைத்து வந்தது.

அந்தக் கேள்விக்கு வருமுன் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மன்றோ தத்த மண்டலத்தில் நிலங்களை அளந்து விதித்த தீர்வை, விளைச்சலில் ஏறக்குறைய 45 விழுக்காடு. நூறு மூட்டை விளைந்தால் நாற்பத்தைந்து மூட்டையின் மதிப்பு சர்க்காருக்கு. மேலிடம் வருவாயைக் கேட்டது. அவர் வசூலித்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் வருவாய் ஏறியது. அந்த ஏற்றத்துக்காகவே பாராட்டும் பெற்றார். ஆனால் 1807-இல் தாயகம் திரும்பும் வேளையில், இந்தத் தீர்வை அதிகம், இதில் 25 விழுக்காடு குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலங்களுக்கு அதற்கு மேலும் குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அப்படிக் குறைத்தால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கும் என்பது அவர் கணக்கு. மேலிடம் ஏற்கவில்லை. அவர் போன பிறகு ரயத்துவாரி முறையையே கைவிட்டு, கிராமங்களைக் குத்தகைக்கு விட்டார்கள். பல குடும்பங்கள் சீரழிந்தன. 1820-இல் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னராகத் திரும்பி வந்த பிறகே, பதின்மூன்று ஆண்டு தாமதமாக, அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கணக்கைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1987-இல் கடும் வறட்சி. என் கிளைக்குட்பட்ட கிராமங்களில் கிணறுகள் அடித்தரை தெரிய வற்றின. தவணைகளைத் தள்ளிவைத்து, கடனை மறுசீரமைக்க வேண்டும் என்று பெயர்வாரியாகப் பட்டியலிட்டு மேலலுவலகத்துக்கு எழுதினேன். ஏற்கப்படவில்லை. வசூல் இலக்கு வந்தது. நானும் வசூலித்தேன். இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் உடைய முதியவர் ஒருவர் ஆயில் இஞ்சினுக்குக் கடன் வாங்கியிருந்தார். மூன்று தவணை நிலுவை. ஜீப்பில் போய் இஞ்சினைக் கழற்றி ஏற்றினோம். அந்த மனிதர் சண்டை போடவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று எங்களுக்கு மோர் கொடுத்தார். ஏல ஆணையில் இருப்பது என் கையொப்பம். 1990-இல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தபோது, என் கிளையில் பட்டியல் தயாரித்தவனும் நானே. அந்த முதியவரின் கணக்கு ஏலத் தொகையால் முன்பே நேராகிவிட்டது. நிவாரணப் பட்டியலில் சேர்க்க அவர் பெயரில் பாக்கி ஏதும் இல்லை.

தீர்வை அதிகம் என்று அறிந்த பிறகும் வசூலித்த ஓர் அதிகாரிக்கு, மகான் எப்படி எதிர்வந்து பேசினார்? இதுவே என் கேள்வி. மன்றோவைக் குறை சொல்லுவதற்காகக் கேட்டதன்று என்பதை அன்பர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

மாலையில் மடத்தில் பரிமள பிரசாதம் வாங்கிக்கொண்டோம். இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் மீண்டும் ஒருமுறை தரிசனம் செய்தோம். பூஜகர் கொடுத்த மந்த்ராட்சதையைத் துணைவியார் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

வாடகைக் காரில் அதோனி வழியாகப் பட்டிகொண்டா சென்றோம். பருத்தியும் நிலக்கடலையும் விளையும் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வந்தன. தருமபுரிப் பக்கத்தைப் பார்ப்பது போலவே இருந்தது. மலைகள் மட்டும் இன்னும் மொட்டை. பட்டிகொண்டாவில்தான் மன்றோ உயிர் நீத்தார்.

கவர்னர் பதவியிலிருந்து தம்மை விடுவிக்கும்படி அவர் முன்பே கேட்டிருந்தார். அடுத்தவர் வந்து சேரத் தாமதமாயிற்று. நோயுற்ற மகனை அழைத்துக்கொண்டு மனைவி முன்னதாகவே தாயகம் போய்விட்டார். காத்திருந்த காலத்தில், தாம் உழைத்த மாவட்டங்களைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று 1827-ஆம் ஆண்டு கோடையில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அப்போது அந்தப் பகுதியெங்கும் வாந்திபேதி பரவியிருந்தது. ஜூலை 6-ஆம் நாள் காலை பட்டிகொண்டா முகாமில் அவரைப் பற்றிய நோய், அன்றிரவே கொண்டுபோயிற்று. வயது 66. அவர் நினைவாக இங்கே கல்படிகளுடன் ஒரு கிணற்றையும் ஒரு மரத்தோப்பையும் அரசாங்கம் ஏற்படுத்தியது.

கடைத்தெருவில் தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம், மன்றோ துரையின் ஞாபகமாக இங்கே என்ன இருக்கிறது என்று அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். அவர் உடனே, “மன்றோ பாவி!” என்றார். துணைவியார் திடுக்கிட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வந்து, செத்துப்போன மனிதரை இப்படியா ஏசுவது என்று முகம் வாடியது. தெலுங்கில் ‘பாவி’ என்றால் கிணறு என்று நான் விளக்கிய பிறகே தேநீரைக் குடித்தார். எனக்கு மட்டும் அந்தச் சொல் தமிழிலும் தெலுங்கிலுமாக வழியெல்லாம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. வறண்ட சீமையில் கிணறு வெட்டி வைப்பதைவிடப் பெரிய ஞாபகச்சின்னம் ஏது? என் கணக்கில் வற்றிய கிணறும் கழற்றிய இஞ்சினுமே நிற்கின்றன.

ராயலசீமையின் கிராமங்களில் அவருக்குப் பின் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயர் வைத்தார்கள் என்பதைப் படித்திருக்கிறேன். வரி வசூலித்தவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்த ஜனங்கள்! கேட்டதைக் கொடுத்ததற்காக வைத்திருக்க மாட்டார்கள். கூடாரத்தின் வாயிலில் காத்து நின்றவனை உள்ளே அழைத்து, அவன் சொன்னதைக் கேட்டவர் என்பதற்காக வைத்திருக்கலாம். காது மந்தமானவர் என்பதால் அருகே வரச்சொல்லிக் கேட்டிருப்பார் என்பது என் அனுமானம்.

கூத்தியில் அதிக நேரம் தங்கவில்லை. மராட்டியத் தளபதி முராரி ராவ் வீற்றிருந்த மலைக்கோட்டை பாறையோடு பாறையாக எழுந்து நிற்கிறது. ஏற முழங்கால் இடம் தரவில்லை. பட்டிகொண்டாவிலிருந்து கொண்டுவந்த உடலை ஜூலை 7-ஆம் நாள் இங்கே கோட்டை அடிவாரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் அதை எடுத்துச் சென்று சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மறுபடியும் அடக்கம் செய்தார்கள். தீவுத்திடல் அருகே குதிரை மேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். சான்ட்ரி என்னும் சிற்பி வடித்து 1839-இல் நிறுவப்பட்ட அதில் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் தினமும் பேருந்தில் அதைக் கடந்து போவேன். அவர் யார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திருமலையிலும் அவர் பெயர் உண்டு. வயிற்று நோயால் அவதிப்பட்ட மன்றோ பெருமாளின் பொங்கல் பிரசாதத்தை உண்டு குணமடைந்ததாகவும், நன்றியாக நிவேதனத்துக்கு ஒரு கங்காளத்தையும், அதற்குரிய வருவாய்க்கு ஒரு கிராமத்தையும் ஏற்படுத்தியதாகவும் சொல்கிறார்கள். ‘மன்றோ கங்காளம்’ என்பது அந்தப் பாத்திரத்தின் பெயர். ஒரே மனிதரைப் பற்றி மத்வ மடத்தில் ஒரு கதை, வைஷ்ணவத் திருப்பதியில் ஒரு கதை, ஆஞ்சநேயர் சந்நிதியில் ஒரு கதை. சென்னை மாகாணத்தில் கலெக்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்; எல்லோருக்கும் இப்படி அமையவில்லை.

கடப்பையில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை வேம்பள்ளி வழியாகக் கண்டி க்ஷேத்திரம் அடைந்தோம். சேஷாசலத் தொடரைப் பாபக்னி ஆறு இரண்டாகப் பிளந்துகொண்டு வெளியேறும் இடம் அது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். நடுவே மணலும், மணலில் கால் நனையும் அளவுக்கு நீரும். பாபத்தை அழிப்பது என்று ஆற்றின் பெயருக்குப் பொருள். சிராவண மாதத்துச் சனிக்கிழமைகளில் இங்கே நிற்க இடம் இருக்காது என்றார்கள். நாங்கள் சென்றது திங்கட்கிழமை. சந்நிதியில் எங்களோடு ஐந்தாறு பேர்தாம்.

தல வரலாறு இது. வாயு பகவான் இங்கே தவம் செய்துகொண்டிருந்தார். சீதா பிராட்டியைத் தேடி இவ்வழியே சென்ற ஸ்ரீராமரை அவர் உபசரிக்க விரும்பினார். திரும்பி வரும்போது வருகிறேன் என்று வாக்களித்துவிட்டு ராமபிரான் சென்றார். இலங்கை வெற்றி முடிந்து அவர் வரும் நாளில், இம்மலைக்கும் அம்மலைக்குமாக வாயு பகவான் பொன்மலர்த் தோரணம் கட்டி வரவேற்றார். அங்கே தங்கியிருந்த வேளையில் ராமபிரான் தம் அம்பின் நுனியால் பாறையில் ஆஞ்சநேயரின் திருவுருவைத் தீட்டினார். இடக்கைச் சுண்டுவிரலை முடிப்பதற்குள் புறப்பட நேர்ந்தது. பிற்காலத்தில் வியாசராய தீர்த்தர் அந்த உருவை உளியால் செதுக்கிச் சுண்டுவிரலையும் அமைக்க முயன்றபோது அங்கிருந்து குருதி கசிந்ததாம். ஆகவே அவ்விரல் இன்றளவும் குறையாகவே இருக்கிறது. அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை அந்தக் கையருகே சற்று நிறுத்திக் காட்டினார்.

அந்தப் பொன் தோரணம் இன்னும் அங்கே இருக்கிறது என்பது நம்பிக்கை. எல்லோர் கண்ணுக்கும் தெரியாது. புண்ணியசாலிகளுக்கு, அதுவும் அந்திமக் காலம் நெருங்கியவர்களுக்கு மட்டுமே தெரியும். கடைசிச் சுற்றுப்பயணத்தில் மன்றோ இந்தப் பிளவின் வழியே வந்தபோது நிமிர்ந்து பார்த்து, “யார் இங்கே இவ்வளவு அழகான தோரணத்தைக் கட்டியது?” என்று கேட்டாராம். கூட இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுள் விஷயம் அறிந்த ஒரு முதியவர் கண்ணீர் விட்டார் என்கிறார்கள். சில நாள்களில் பட்டிகொண்டாவிலிருந்து செய்தி வந்தது. இக்கதை கோயிலில் மட்டுமின்றிக் கடப்பை மாவட்டத்தின் பழைய கையேட்டிலும் இடம்பெற்றிருக்கிறது.

அர்ச்சகரிடம் என் கேள்வியைக் கேட்டேன். பல ஆண்டுகளாக வெளியே கேட்டிராத கேள்வி. முன்பின் அறியாதவரிடம் கேட்பது எளிதாக இருந்தது. “வரி வசூலித்தவர் கண்ணுக்கு எப்படி ஸ்வாமி தெரிந்தது?” அவர் கொஞ்சம் தமிழ் அறிந்தவர். கர்ப்பக்கிருகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ராமச்சந்திர மூர்த்தியே ஒரு விரலைப் பாக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பாக்கி இல்லாத மனுஷ்யர் யார் சார்? அந்தத் துரை திரும்பி வந்தாரே, அதைச் சொல்லுங்கள்.”

அடுத்த பக்தருக்குச் சடாரி வைக்க அவர் போய்விட்டார். நான் சந்நிதியிலேயே சிறிது நேரம் நின்றேன். தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்த பிறகு, அந்தக் கிராமத்துக்கு நான் ஒரு முறைகூடப் போனதில்லை. அருகில் உறவினர் திருமணங்கள் இருந்தன, பேருந்து அந்த வழியாகவே சென்றது, இறங்கியதில்லை. முதியவர் இப்போது இருக்கமாட்டார். கிணறும் நிலமும் இருக்கும். பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ இருப்பார்கள். பட்டா எண் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

வெளியே வந்து ஆற்றில் கால் நனைத்தோம். துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேலே பார்க்காதீர்கள்” என்றார்.

“ஏன்?”

“பார்க்க வேண்டாம் என்றால் வேண்டாம். கீழே பார்த்து நடங்கள். கல் வழுக்குகிறது.”

அதற்குள் நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். இரண்டு பாறைச் சுவர்களுக்கும் நடுவே ஒரு கீற்று வானம். ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பாறை இடுக்கில் தேன்கூடு ஒன்று தொங்கியது. வேறொன்றும் இல்லை.

“என்ன தெரிந்தது?” குரலில் நடுக்கம் இருந்தது.

“ஒன்றும் தெரியவில்லை.”

“நல்லதாயிற்று” என்று சொல்லி, தலைப்பில் முடிந்திருந்த மந்த்ராட்சதையிலிருந்து இரண்டு அரிசியை எடுத்து என் தலையில் போட்டார். திருப்பதியிலிருந்து நேரே வீட்டுக்கா என்று கேட்டார். இல்லை, காட்பாடி வழியாகத் தருமபுரிப் பக்கம் போய்விட்டுப் போகலாம் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த மோர் கதையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டிருப்பவர் அவர்.